தொப்பியில் ஒட்டிய ரவை

எறும்பு ஒன்றுகூட இல்லை. வீணைகளுக்கு அடியில் பார்த்தாயிற்று, தம்பூராக்களுக்குப் பின்னால் பார்த்தாயிற்று, மிருதங்கம் இருக்கிற கண்ணாடிப் பெட்டியின் நாலு காலையும் குனிந்து குனிந்து பார்த்தாயிற்று, இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இந்தக் கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தொடாதீங்க, தட்டாதீங்க என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற எனக்கு, எறும்பு இல்லை என்றால் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். க்யூரேட்டர் சாருக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் கையெழுத்துப் போடப் போனபோது சிரித்த முகமாகச் சொன்னார். பூச்சி மருந்து கம்பெனியை நிறுத்தியாகிவிட்டது சுகுணா, எறும்பே இல்லாத மியூசியத்துக்கு எதற்கு மருந்து என்று டிரஸ்டில் கேட்கிறார்கள், நியாயம்தானே என்றார். நியாயம்தான் சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்று மாதத்தின் இரண்டாவது செவ்வாய். இன்றைக்குத்தான் மாணிக்கவேல் முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு வர வேண்டும். இன்றைக்குத்தான் நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் இதே இடத்தில், மிருதங்கப் பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஏங்க, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன்? "அடுத்த தடவ மருந்தடிக்க வரும்போது சொல்றேன்" என்றேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் சொல்வது மாதிரி. என் நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷர் வந்து இப்படிக் கேட்கிறார், அதற்கு இந்தப் பதில். அவரும் சரிங்க என்று டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இனி அடுத்த தடவை என்பதே கிடையாது. நான் சொன்ன வாய்தாவை டிரஸ்டில் ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டார்கள்.

எல்லாம் இந்த மிருதங்கத்தால் வந்த வினை. வினை என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். இதோ எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற பெட்டிக்குள், மரத்தாங்கியில் சாய்ந்து, வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டு, வலந்தலை என்கிற வலது பக்கத்துத் தோலின் கறுப்பு ஒரு கண் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. பலா மரம், தோல், தஞ்சை வட்டாரம், அவ்வளவுதான் அட்டையில் எழுதியிருக்கிறது. யார் வாசித்தது, எந்தக் கோயிலில், எந்தக் கல்யாணத்தில், ஒன்றும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து நான் பேசாத பேச்சு இல்லை. நீயும் சும்மா உட்கார்ந்திருக்கிறாய், நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், உன்னையும் யாரும் தொடக் கூடாது, என்னையும் யாரும் தொடவில்லை என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் போன வருஷம் டிரஸ்டில் ஒரு படப் புத்தகம் போட்டார்கள். வாத்தியங்களைச் சும்மா படம் எடுத்தால் உயிர் இருக்காது, வாசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வித்வானை வரவழைத்தார்கள். அவர் வந்தார், உட்கார்ந்தார், மிருதங்கத்தை மடியில் ஏற்றினார், கொஞ்சம் ரவை கிடைக்குமா என்றார். எல்லோரும் முழித்தார்கள். கேன்டீனிலிருந்து ஒரு கிண்ணம் ரவை வந்தது. தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடை தட்டுவது போலத் தட்டி, தொப்பி என்கிற இடது பக்கத்துத் தோலின் நடுவில் அப்பினார். இது இல்லாவிட்டால் இந்தப் பக்கம் பேசாது என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு இடது உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். நான் அங்கே கதவோரம் நின்றிருந்தேன். அந்தச் சத்தம் என் காதுக்கு வரவில்லை, நேராக வயிற்றுக்கு வந்தது. வந்து கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் என் எதிரில் வாயை மூடிக்கொண்டு கிடந்தவன் இப்படியா பேசுவான் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

படம் எடுத்து முடிந்ததும் வித்வானுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ரவையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், விட்டுவிட வேண்டாம் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் ஸ்பூனை எடுத்துக்கொண்டு குனிந்தார். க்யூரேட்டர் சார் பதறிப்போய்க் கையைப் பிடித்துவிட்டார். காட்சிப் பொருளின் மேல் இருக்கிற எதையும் குழுவின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது என்பது விதி. தூசியைத் தட்டுவதற்கே மூன்று பேர் சம்மதிக்க வேண்டும், இது ரவை. குழு எப்போது கூடும்? கூடும்போது கூடும். அதுவரை கேன்டீன் ரவையும் பழம்பொருள்தான் என்று ஆகிவிட்டது. பெட்டியைப் பூட்டி, விளக்கைப் போட்டு, சார் திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போனார். இந்த மாதிரிக் காரியம் மியூசியத்துக்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. வீட்டில் என்றால் எந்தப் பொம்பளையாவது ஈரத்துணியை எடுத்துவந்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். நானே செய்திருப்பேன், சாவி என்னிடம் இல்லை. பிறகென்ன, எறும்பு வந்தது. ஜன்னலில் ஏறி, சுவரில் இறங்கி, வீணைகளைச் சுற்றிக்கொண்டு, பெட்டியின் கீல் வழியாக உள்ளே நுழைந்து, வரிசையாக வந்து ரவையைத் தின்றுவிட்டுப் போயின. பார்க்க வருகிறவர்கள் மிருதங்கத்தை விட்டுவிட்டு எறும்பைப் படம் எடுத்தார்கள். சார் தலையில் கை வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டார். அப்படித்தான் மாணிக்கவேல் வந்தார். காக்கிக் கோட்டு, கழுத்தில் தொங்குகிற மாஸ்க், முதுகில் டப்பா. வரிசையை அதன் பாட்டில் விட்டு, குனிந்தபடியே பின்னாலேயே போய், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, இலை போட்டுப் பரிமாறிவிட்டு எறும்பு வருகிறது என்றால் எப்படி சார் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. க்யூரேட்டர் சார் பக்கத்தில் நிற்கிறார், சிரிக்க முடியாது. அடக்கிக்கொண்டு நின்றதில் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் மட்டும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்துதான்.

அன்றிலிருந்துதான் என்று சொல்கிறேன், ஆனால் அன்றிலிருந்து இல்லை. அது விரல்களால் வந்தது. எனக்கு விரல் சும்மா இருக்காது. சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டில் தட்டுவேன், தகர டின்னில் தட்டுவேன், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் தட்டுவேன். பொம்பளைப் பிள்ளை பாத்திரத்தைத் தட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் கிள்ளுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில்கூட ஒருமுறை தட்டின் அடியில் தட்டிக்கொண்டே நின்றேனாம், அந்த வீட்டு அம்மாள் பெண்ணுக்கு நரம்புத் தளர்ச்சியா என்று கேட்டாளாம். அந்தத் தட்டில் இருந்தது கேசரி. ஒவ்வொரு முறையும் கேசரிதான், ஒவ்வொரு முறையும் நான்தான் கிண்ட வேண்டும், பெண்ணே கிண்டியது என்று சொல்ல வேண்டுமே. சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். திருச்சி ஜில்லாவில் பாதிப் பேர் என் கையால் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியாக வந்தவர்கள் போன அன்றைக்கு வாணலியைக் கவிழ்த்து வைத்து, இனி இந்த வீட்டில் நான் கேசரி கிண்ட மாட்டேன் என்றேன். கிண்டவில்லை. அண்ணன் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கேட்டபோதும் பாயசம் வைத்துக் கொடுத்தேன். மாணிக்கவேல் என்ன செய்தார் என்றால், மூன்றாவது முறையோ நாலாவது முறையோ வந்தபோது, சுவரோரம் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அது என்ன தாளம்ங்க?" என்றார். நான் ஸ்டூல் ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தட்டாதே என்று சொல்லாமல் ஒரு ஆள். தெரியலைங்க, சும்மா என்றேன். நல்லாருக்கு, அடிங்க, நான் வேலையைப் பாக்கறேன் என்று மறுபடி பம்பை அழுத்த ஆரம்பித்தார். பம்பின் சத்தமும் என் விரலும் ஒன்றாகப் போயின. அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. இந்த வயதில் காது மடல் சூடாகலாமா என்று யாரிடம் கேட்பது.

இந்த வயதில். அண்ணி இதைத்தான் சொல்வாள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான், அது இன்னும் மோசம். தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் பயம் அவர்களால் இல்லை, அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம் சுகுணா. பயம் என்னவென்றால், அவர் உறையூரில் ஒரு வீட்டில் இருக்கிறார், மனைவி இறந்து நாளாகிவிட்டது, பெண்ணைக் கரூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார், அந்தப் பெண்தான் போய்க் கேளுப்பா என்று அனுப்பினாளாம். அந்த வீட்டில் ஒரு சமையலறை இருக்கும், ஒரு கட்டில் இருக்கும், ஒரு பக்கம் இவ்வளவு காலமாகக் காலியாக இருக்கும். நான் ரேடியோ போட்டுக்கொண்டு தூங்குகிறவள். அவருக்கு மருந்து வாடை சட்டையை விட்டுப் போகாது. எனக்கு அது பிடித்திருக்கிறது, இது ஒரு பைத்தியக்காரத்தனம், ஃபினாயில் வாடையைக்கூட இப்போதெல்லாம் நின்று மோந்து பார்க்கிறேன். என் பயம், பேசாமல் இருந்து பழகிவிட்டேனே, இனி என்னால் பேச முடியுமா என்பதுதான். இந்த மிருதங்கத்துக்கு ஒரு கை ரவை போதுமாக இருந்தது. ஒரே தட்டில் பேசிவிட்டது. எனக்கு? எனக்குப் போன் இருக்கிறது. அவர் நம்பர் கேன்டீன் சுவரில் கம்பெனி ஸ்டிக்கரில் இருக்கிறது, பார்க்காமலே சொல்வேன். மத்தியானம் மட்டும் எத்தனையோ தடவை நம்பரைப் போட்டு அழித்துவிட்டேன். போன் போட்டு என்ன சொல்வது? எறும்பு இல்லைங்க, ஆனாலும் வாங்க என்றா? அவருக்கு மட்டும் கம்பெனியில் சொல்லியிருக்க மாட்டார்களா, தெரிந்தும் ஒரு போன் போடவில்லையே, ஒருவேளை மியூசியமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அவளும் வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு ஹோட்டலில் கரப்பான்பூச்சி தேடிக்கொண்டிருப்பாரோ. நினைக்க நினைக்க அந்த ஹோட்டல் மேல் எனக்குக் கோபம் வந்தது.

ரவையைச் சொன்னேனே, அதற்கும் ஒரு முடிவு வந்தது. குழு கூடியது. வெள்ளை உறை போட்ட கைகள் வந்து சுரண்டி எடுத்தன. எடுத்த ரவையை என்ன செய்தார்கள் என்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நம்பர் ஒட்டி, மாடியில் பீரோவில் வைத்திருக்கிறார்கள். போகட்டும், மிருதங்கத்துக்கு ஆபத்து நீங்கியது. எறும்பும் மெல்ல மெல்லக் குறைந்தது, போன மாதம் ஒன்று இரண்டு அலைந்தது, இந்த மாதம் சுத்தமாக இல்லை. இவருடைய மருந்து அவ்வளவு நல்ல மருந்து. தன் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்து தனக்கே குழி வெட்டிக்கொண்ட மனுஷரை நான் பார்த்ததில்லை. ரவை இருந்தால் எறும்பு வரும். எறும்பு வந்தால் சார் போன் போடுவார். சார் போன் போட்டால்... இந்த இடத்தில் வந்து என் நினைப்பு நின்றது. நின்று, திரும்பி, ஸ்டூலுக்கு அடியில் இருக்கிற என் பையைப் பார்த்தது. கூடத்துக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் போர்டு இருக்கிறது, எல்லோருக்கும் அதைக் காட்டுகிறவளே நான்தான். ஆனால் இன்றைக்குப் பையைக் கேன்டீனில் வைக்க மனம் வரவில்லை. உள்ளே எவர்சில்வர் டப்பாவில் கேசரி இருக்கிறது. காலையில் எழுந்ததும் கை தானாக ரவையை எடுத்து வறுத்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். நெய் விட்டு, முந்திரி போட்டு, கேசரிப் பவுடர் கலந்ததும் அடுப்படி முழுக்க ஒரே மணம். அண்ணி வந்து வாணலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்தா என்றாள். ரவை வண்டு பிடித்துவிடும், அதான் என்றேன். அவள் ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, யாருக்கோ கொடுத்துவைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். இப்போது யோசித்துப் பார்த்தால் அண்ணிக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது. அவள் சிரித்தாளா? சிரித்துக்கொண்டேதான் போனாள். நான் முதுகைத்தான் பார்த்தேன், ஆனால் அது சிரிக்கிற முதுகு.

கூடத்தில் ஆள் இல்லை. டப்பாவைத் திறந்தேன். ஒரு விள்ளல் எடுத்தேன். மிருதங்கப் பெட்டிக்கு அடியில் வைக்கலாம் என்று குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வேண்டாம். கீல் வழியாக மறுபடி ஏறிவிடும், தோலைக் கடிக்கும், இவன் ஒருமுறை பட்டது போதும். என் காரியத்துக்கு இவனை எறும்புக்குத் தின்னக் கொடுப்பேனா? வீணைகளுக்கு அடியிலும் வேண்டாம், தம்பூராவும் வேண்டாம், எல்லாம் பாவம் வாயில்லாதவை. கடைசியில் என் ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன். வருகிற எறும்பு என்னிடம் வரட்டும். வைத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இந்த மியூசியத்தில் இதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது, நானே வேலிபோல உட்கார்ந்து நானே மேய்கிறேன், ஆனால் சிரிப்பு வருகிறது, நிறுத்த முடியாமல் வருகிறது. ஒரு குடும்பம் வந்தது, சுற்றிப் பார்த்தது, வீணையில் ஒரு சின்னப் பெண் கை வைக்கப் போனாள், தொடாதே கண்ணு என்றேன், குரல் எனக்கே இனிப்பாகக் கேட்டது. அவர்கள் போனார்கள். முதல் எறும்பு வந்தது. கறுப்பு, சின்னது, பிள்ளையார் எறும்பு. வந்து கேசரியைத் தொட்டுப் பார்த்தது, சுற்றியது, திரும்பிப் போயிற்று. போய்ச் சொல்லி அனுப்புகிறதா? நம்ப முடியாது, இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எறும்பு சொன்ன சொல் தவறுவதில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலிலிருந்து ஒரு கோடு இறங்கியது, வீணைகளைச் சுற்றியது, மிருதங்கத்தைத் தாண்டியது, நேராக என்னிடம் வந்தது. சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எழுந்திரு சுகுணா. எழுந்து போய், சார் எறும்பு வந்திருக்கிறது என்று சொல், மூன்றே வார்த்தை. எழுந்திருக்கிறேன், எழுந்திருக்கிறேன் என்று உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போதுதான் ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் நுழைவுச் சீட்டு. பார்வையாளர். வாசலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார், கழற்றத் தேவையில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்தவர் என் பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே தரையைப் பார்த்துவிட்டார். உடனே குனிந்தார், குனிந்தபடியே நடந்தார், அந்தக் குனிதலில்தான் எனக்கு ஆள் தெரிந்தது. கோட்டு இல்லை, டப்பா இல்லை, மருந்து வாடைகூட இல்லை, பவுடர் வாசனை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மருந்தடிக்க வரும்போது சொல்கிறேன் என்றவளிடம், மருந்தடிக்காமலே கேட்க வந்திருக்கிறார். என்னென்ன ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாரோ, எறும்பைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் அதன் பின்னாலேயே வருகிறார். வீணைகளைச் சுற்றினார். மிருதங்கத்தைத் தாண்டினார். என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது கோடு. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அவர் குந்தி உட்கார்ந்து ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு உட்கார்ந்த வாக்கில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கேசரிங்களா?"

"காலையில நான்தான் கிண்டுனேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் காது சிவந்தது, அப்புறம் முகம். கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"எறும்புக்கு மட்டும்தானுங்களா?" என்றார்.

என் வாய் திறக்காது என்றுதான் நினைத்தேன். திறந்தது. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் குடுக்கத்தானே கேசரி. நீங்க வர மாட்டீங்களோன்னு பயந்துதான் எறும்ப விட்டுக் கூப்பிட்டேன்" என்றேன். இவ்வளவு நீளமாக, ஒரு இடத்திலும் திக்காமல். சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் அங்கேயே தரையில், போர்டுக்கு நேராக, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, போய்ச் சொல்லி அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். எறும்புகள் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு தங்கள் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்போது பக்கத்தில் சத்தம் கேட்டது. யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள். சும்மா இல்லை, நல்ல தாளமாக, நின்று நிதானமாகத் தட்டுகிறார்கள். தட்டாதீங்க என்று பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மிருதங்கப் பெட்டியின் மேல் இருந்தது என் கைதான். அது நிறுத்துகிற மாதிரித் தெரியவில்லை, நானும் அதை ஒன்றும் சொல்லவில்லை.